டிரைவர் மாறலாம், ரோடு மாறக்கூடாது

எங்க ஊர் சிறுவாச்சூர்ல டிரைவர்னு சொன்னா யாருக்கும் கம்ப்யூட்டர் ஞாபகம் வராது. திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகுது, ராத்திரி பகல் பாராம லாரி ஓடுது. அதனால முதல்லயே சொல்லிடறேன், இது லாரி டிரைவரைப் பத்தின பதிவு இல்ல. பிரின்டர், மோடம், வெப்கேம் இதையெல்லாம் ஓட்டுற அந்த டிரைவர். ஆனா நடுவுல லாரியும் கொஞ்சம் வரும் :-)

பொட்டி தட்டுற நம்ம மக்களுக்குள்ள ரொம்ப நாளா ஓடுற சண்டை இது. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பழைய டிரைவர்களை எத்தனை வருஷம் சுமக்கணும்? ஒரு கோஷ்டி, "பழசையெல்லாம் தூக்கிக் கடாசு, கோடு இளைக்கட்டும்"ங்கும். இன்னொரு கோஷ்டி, "ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குய்யா நோண்டறீங்க"ன்னு கேக்கும். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே கேள்வியைத் தப்பாக் கேக்கறாங்கங்கறது என் கட்சி. எவ்வளவு சுமக்கணும்ங்கறது ரெண்டாவது கேள்வி. எந்த இடத்துல வாக்கு குடுக்கணும்ங்கறதுதான் முதல் கேள்வி.

பொட்டி தட்டாத நண்பர்களும் படிக்கிறீங்க, அதனால ஒரு உள்ளூர் உதாரணம். எங்க ஊர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். விசேஷ நாள் கணக்கு தனி. குலதெய்வம்னு வெளியூர்லேர்ந்து வர்றவங்க அந்த ரெண்டு நாளைப் பார்த்துத்தான் லீவு போடறாங்க. பூக்கடை, தேங்காய்க் கடை, ஆட்டோ, சாப்பாட்டுக் கடை எல்லாமே அந்தக் கணக்குலதான் ஓடுது. கோயிலுக்குள்ள வரிசைத் தடுப்பை மாத்தி வைக்கலாம், லைட்டை மாத்தலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா "அடுத்த வாரத்துலேர்ந்து செவ்வாயும் சனியும்"னு ஒரு போர்டு வெச்சுப் பாருங்க. உள்ள ஒரு செங்கல்கூட நகரலை, ஆனா வெளிய மொத்தமும் கவுந்துடும்.

அந்த திங்கள் - வெள்ளிதான் இன்டர்ஃபேஸ். வெளியில இருக்கறவன் நம்பிக்கிட்டு இருக்கற வாக்கு. உள்ள நடக்கறதெல்லாம் நம்ம இஷ்டம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

டிரைவர்ங்கறது ஒரு துபாஷி. ஒரு பக்கம் ஓ.எஸ். கூட பேசணும், மறுபக்கம் கருவி கூட பேசணும். ஆக அவருக்கு ரெண்டு இன்டர்ஃபேஸ். உள்பக்கம் கெர்னலுக்கும் டிரைவருக்கும் நடுவுல ஒண்ணு, வெளிப்பக்கம் டிரைவருக்கும் கருவிக்கும் நடுவுல ஒண்ணு. "பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி"ன்னு பேசும்போது நம்ம ஆளுங்க இந்த ரெண்டையும் போட்டு ஒண்ணாக் குழப்பிடறாங்க. சண்டை தீராததுக்கு அதுதான் காரணம்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு நல்ல உதாரணம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கண்ணு முன்னாடியே நிக்குது. எடை மேடை. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஓடுற மாவட்டம் ஒண்ணு, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஓடுற மாவட்டம் ஒண்ணு. லாரி ஏறி நிக்கற மேடைக்குக் கீழ லோடு செல். அதுலேர்ந்து ஒயர் வந்து எடை காட்டுற டப்பாவுல சேருது. அந்த டப்பாவுக்குப் பின்னாடி ஒரு சீரியல் போர்ட், ஆர்.எஸ்.232. அது வழியா எடையை வெறும் எண்ணா, எழுத்து எழுத்தா அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் படிச்சு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்ல கார்பன் வெச்ச சீட்டா அடிச்சுக் குடுக்கும்.

ஆர்.எஸ்.232 வந்த வருஷம் 1960. கம்ப்யூட்டர் ஒரு ரூம் சைஸ்ல இருந்த காலத்து ஒப்பந்தம் இன்னிக்கும் லாரி எடை போடுது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் அதே கதைதான். எப்சன் கம்பெனி 80கள்ல வெச்ச கட்டளை மொழியை மத்த கம்பெனிக்காரங்களும் தங்களோட பிரின்டர்ல புரிஞ்சுக்க வெச்சாங்க. அதனால பிரின்டர் எந்தக் கம்பெனியா இருந்தாலும் "எப்சன்"னு ஒரு டிரைவரைப் போட்டா எழுத்து வந்து விழும். வெளிப்பக்க இன்டர்ஃபேஸ் சின்னதா, பொதுவா, எழுதி வெச்சதா இருந்தா டிரைவரும் சின்னதாயிடும். யாரு வேணா திருப்பி எழுதிக்கலாம்.

இந்தக் கதை எங்க கெட்டுப் போச்சுன்னா, புது கம்ப்யூட்டர்லேர்ந்து சீரியல் போர்ட்டைத் தூக்கினப்போ. எல்லாரும் யூ.எஸ்.பி. - சீரியல் ஒயருக்குப் போனாங்க. யூ.எஸ்.பி.ல இதுக்குன்னே சி.டி.சி.-ஏ.சி.எம்.னு ஒரு பொது வகுப்பு இருக்கு. சிப் செய்யறவங்க எல்லாரும் அதைப் பின்பற்றியிருந்தா ஒரே டிரைவர்ல வேலை முடிஞ்சிருக்கும். ஆனா சந்தையில அதிகமா விக்கற எஃப்.டி.டி.ஐ., புரோலிஃபிக் பிஎல்2303, சிஎச்340 மூணும் பேசறது ஆளுக்கொரு பாஷை. ஆளுக்கொரு பாஷைன்னா ஆளுக்கொரு டிரைவர். அந்த டிரைவரோட சாவி கம்பெனிக்காரன் கையில.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பிஎல்2303ல ஹெச்எக்ஸ்ஏங்கற பழைய சிப்பை கம்பெனி 2012லயே நிறுத்திடுச்சு. விண்டோஸ் 8லேர்ந்து அதுக்கு ஆதரவு கிடையாதுன்னுட்டாங்க. ஒயர்ல ஒரு பழுதும் கிடையாது, சிப்பும் நல்லாத்தான் இருக்கு. ஆனா புது டிரைவரைப் போட்டா "இது 2012லயே நிறுத்தப்பட்டது, வித்தவரைக் கேளுங்க"ங்கற அர்த்தத்துல ஒரு வரி வரும், அவ்வளவுதான். போலி சிப்போட மல்லுக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. 2014 அக்டோபர்ல எஃப்.டி.டி.ஐ. இன்னும் ஒரு படி மேல போச்சு. விண்டோஸ் அப்டேட் வழியா வந்த அதோட டிரைவர், போலின்னு தெரிஞ்ச சிப்போட அடையாள எண்ணையே அழிச்சு சைபராக்கிடுச்சு. உலகம் பூரா கூச்சல் கெளம்பி, அப்புறம்தான் வாபஸ் வாங்கினாங்க. எடை மேடைக்காரருக்கு இந்த வழக்கு எப்படித் தெரியும்? கடையில ஒரு ஒயர் கேட்டார், குடுத்தாங்க. உள்ள இருக்கறது அசலா நகலான்னு பிரிச்சுப் பார்த்தா வாங்கினார்?

இதே சிப்புகளுக்கு லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கு. பழைய பிஎல்2303, புது பிஎல்2303 ரெண்டையும் ஒரே ஃபைல்தான் பாத்துக்குது. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் வரி. இந்த ஆயிரம் வரியைச் சுமக்கறதுல உலகத்துக்கு என்ன பெரிய நஷ்டம்?

"நிறுத்துய்யா, இப்படி ஆயிரம் ஆயிரமாச் சேர்ந்துதானே மலையாவுது"ன்னு முதல் கோஷ்டி எழுந்து நிக்கும். உண்மைதான். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கெர்னல் சுமார் பத்தாயிரம் வரி. 2025 ஆரம்பத்துல அது நாலு கோடி வரியைத் தாண்டுச்சு. அதுல பாதிக்கு மேல டிரைவர்தான்.

ஆனா "கோடு பெருசு"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள மூணு தனித்தனிச் சங்கதி ஒளிஞ்சிருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

முதலாவது, மூலக் கோடு எவ்வளவு பெருசு. நாலு கோடி வரியும் உங்க மெஷின்ல ஓடாது. எந்தக் கருவி செருகியிருக்கோ அதோட டிரைவர் மட்டும்தான் மெமரிக்கு வரும். மத்ததெல்லாம் பரண்ல கிடக்கற பாத்திரம் மாதிரி.

ரெண்டாவது, கருவியில எவ்வளவு இடம் பிடிக்குது. இது நிஜமாவே கடிக்கும், ஆனா சின்னக் கருவிகளைத்தான். வீட்டு ரவுட்டர்கள்ல போடற ஓப்பன்டபிள்யூஆர்டி (லினக்ஸ்தான்) 2021ல வந்த 21.02 பதிப்புலேர்ந்து குறைஞ்சது 8 எம்.பி. ஃப்ளாஷ், 64 எம்.பி. ராம் வேணும்னுடுச்சு. 4 எம்.பி. ஃப்ளாஷ் வெச்ச பழைய ரவுட்டர் எல்லாம் அத்தோட அவுட். அங்க கெர்னல் கிலோபைட் கிலோபைட்டா வளர்றதைப் பார்த்தா வயித்தெரிச்சல் வரத்தான் செய்யும்.

மூணாவது, பராமரிப்பு. யாராவது ஒருத்தர் அந்தக் கோடைப் புரிஞ்சு வெச்சிருக்காரா, ஓட்டிப் பார்க்க ஆளும் கருவியும் இருக்கா? நான் நிஜமாக் கவலைப்படறது இந்த மூணாவதுக்குத்தான். பரண்ல பாத்திரம் இருக்கலாம், பாம்பு இருக்கக்கூடாது.

பாம்பு கடிச்ச கதையும் இருக்கு. விண்டோஸோட கூடவே வந்துக்கிட்டு இருந்த ஒரு பழைய ஃபேக்ஸ் மோடம் டிரைவர், ஏகெர் கம்பெனி மோடத்துக்கானது. மோடம்ங்கற சாமானையே பார்க்காத பிள்ளைங்க மெஷின்லயும் அந்த ஃபைல் சும்மா குந்திக்கிட்டு இருந்துச்சு. அதுல இருந்த ஓட்டை வழியா சாதாரண யூசர் அட்மின் ஆக முடியும், அதுக்கு மோடம் இருக்கணும்ங்கற அவசியம்கூட இல்ல. ஆளுங்க அதை நிஜமாவே பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்கன்னு தெரிஞ்சப்புறம், 2025 அக்டோபர் அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே பிடுங்கிப் போட்டுடுச்சு. ஒட்டுப் போடல, ஆளையே வெளிய அனுப்பிட்டாங்க. அந்த மோடத்தை வெச்சு இன்னும் ஃபேக்ஸ் அனுப்பிக்கிட்டு இருந்தவங்க கதி அதோகதி.

ஆக ரெண்டாவது கோஷ்டிக்கும் ஒரு கொட்டு. "எதையும் தூக்காதே"ங்கறது இலவசம் இல்ல. பயன்படுத்தாதவனும் அதுக்கு விலை குடுக்கறான்.

இப்ப உள்பக்கத்துக்கு வருவோம். இங்கதான் விண்டோஸும் லினக்ஸும் வேற வேற ரோட்டுல போறாங்க.

விண்டோஸ்ல டிரைவர் எழுதறது கருவிக் கம்பெனி, மூலக் கோடு அவங்ககிட்ட மட்டும். அதனால கெர்னல் - டிரைவர் இன்டர்ஃபேஸை மைக்ரோசாஃப்ட் வருஷக்கணக்கா அப்படியே காப்பாத்தியாகணும். பெரும்பாலும் காப்பாத்தவும் செய்யறாங்க, அதுக்கு சலாம் போடணும். ஆனா மாத்தற நாள் ஒண்ணு வரும்ல, அன்னிக்கு மொத்தமா வெடிக்கும். 2007 ஜனவரியில விஸ்டா வந்தப்போ எக்ஸ்பி டிரைவரை நம்பி இருந்த பிரின்டர், ஸ்கேனர் எத்தனை மூலைக்குப் போச்சு, ஞாபகம் இருக்கா? 64 பிட் விண்டோஸ்ல 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது. 2021ல வந்த விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பெனி 64 பிட் டிரைவர் எழுதலைன்னா அந்தக் கருவியோட ஆயுசு முடிஞ்சுது.

லினக்ஸ்காரங்க நேர் எதிர். உள்பக்க இன்டர்ஃபேஸுக்கு வாக்கே குடுக்க மாட்டோம்னு வெளிப்படையாச் சொல்லிட்டாங்க. கிரெக் குரோவா-ஹார்ட்மேன் இதை ஒரு ஆவணமாவே எழுதி கெர்னலோட வெச்சிருக்கார். யூ.எஸ்.பி. பகுதியோட உள் இன்டர்ஃபேஸை மட்டும் குறைஞ்சது மூணு தடவை மாத்தி எழுதினதா அதுல உதாரணம் காட்டறார். கேக்கவே பயமா இருக்கு இல்ல? ஆனா கூடவே ஒரு விதி இருக்கு. இன்டர்ஃபேஸை மாத்தறவர்தான் கெர்னலுக்குள்ள இருக்கற எல்லா டிரைவரையும் அதுக்கேத்த மாதிரி மாத்திக் குடுக்கணும். பழைய இன்டர்ஃபேஸ், புது இன்டர்ஃபேஸ்னு ரெண்டையும் சுமக்கற வேலை மிச்சம், ஓட்டையான பழைய வழியை மூடிட முடியும். அதே சமயம் மேல ஓடுற அப்ளிகேஷன்களுக்குக் குடுத்த வாக்கை மட்டும் உடைக்கக் கூடாதுன்னு லினஸ் கத்திக் கத்திச் சொல்வார். கோயில் உள்ள எதை வேணா மாத்து, திங்கள் - வெள்ளியை மாத்தாதே, அதே கதைதான்.

அவங்களும் எல்லாத்தையும் சுமக்கறதில்ல. லினஸ் முதல் கெர்னலை எழுதினதே ஒரு 386 மெஷின்ல. அந்த 386 ஆதரவையே 2013 பிப்ரவரியில வந்த 3.8 பதிப்புல தூக்கிட்டாங்க. 2018ல 4.17 பதிப்புல யாரும் பயன்படுத்தாத எட்டு பிராசஸர் வகைகளை ஒரே மூச்சுல நீக்கினதுல சுமார் அஞ்சு லட்சம் வரி போச்சு. அவங்க பார்க்கறது எத்தனை வருஷப் பழசுங்கறதை இல்ல. பயன்படுத்தறவனும் பாத்துக்கறவனும் இருக்கானான்னுதான் பார்க்கறாங்க. எனக்குப் பிடிச்ச கணக்கு இது.

லினக்ஸ் வழியிலயும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, மறைக்க விரும்பல. டிரைவர் கெர்னலுக்குள்ள வராம வெளிய இருந்தா நடுத்தெருதான். ஆண்ட்ராய்டு போன்ல நாம பட்டது அதானே? சிப் கம்பெனி ஒரு கெர்னலை எடுத்து, தன் டிரைவரை அதுல ஒட்டிக் குடுத்துட்டுப் போயிடும். அப்புறம் புது ஆண்ட்ராய்டு வந்தா அத்தனையும் மறுபடி செய்யணும். யார் செய்வா? போன் நல்லா இருக்கும், அப்டேட் வராது. கடைசியில கூகுளே 2017ல ஆண்ட்ராய்டு 8ல டிரெபிள்னு ஒரு ஏற்பாடு கொண்டுவந்து, சிப் கம்பெனி கோடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவுல ஒரு நிலையான எல்லை போட்டுச்சு. அதாவது, உள்பக்கத்துலயும் வாக்குக் குடுக்க வேண்டிய கட்டாயம் வந்துடுச்சு. மூலக் கோடு கையில இல்லாத இடத்துல வேற வழி கிடையாது.

இவ்வளவு சொன்னப்புறம் என் கட்சி என்னன்னு மூணு வரியில:

1. வெளிப்பக்க இன்டர்ஃபேஸ் பொதுவா இருக்கணும். பென் டிரைவ், கீபோர்டு, மவுஸ், பெரும்பாலான வெப்கேம் எல்லாம் செருகின உடனே ஓடுதே, ஏன்? அதுங்களுக்கு யூ.எஸ்.பி.ல பொது வகுப்பு இருக்கு, ஒரே டிரைவர் ஆயிரம் கம்பெனிக்கும் போதும். கோடையும் குறைச்சு கம்பாட்டிபிலிட்டியையும் காப்பாத்தற ஒரே வழி இதான். ரெண்டுல ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணு கிடைக்கும்ங்கறது இங்க மட்டும் பொய்யாயிடுது.

2. உள்பக்கம் தாராளமா மாறலாம், ஆனா மாத்தறவன் மூலக் கோடு கையில வெச்சிருக்கணும். கோடைத் தர மாட்டேன்னா, பத்து வருஷத்துக்கு நானே டிரைவர் தர்றேன்னு எழுதிக் குடு.

3. ஆள் இல்லாத டிரைவரைத் தூக்கலாம். ஆனா சொல்லிட்டுத் தூக்கு, அவகாசம் குடுத்துத் தூக்கு.

முதல் பாயின்டுக்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. கேனான் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020. நம்மூர்ல இந்த ரெண்டும் இல்லாத தெரு உண்டா? உழைப்புல குறையே சொல்ல முடியாத மெஷின்கள். ஆனா ரெண்டுமே பக்கத்தை அச்சுக்குத் தயார் பண்ற வேலையைக் கம்ப்யூட்டர் தலையில போட்டுட்டு, தனி பாஷை பேசற ரகம். 1020க்கு ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் உள்ள இருக்க வேண்டிய ஃபர்ம்வேரையே கம்ப்யூட்டர்தான் ஊட்டி விடணும். பிரின்டர் விலை குறைஞ்சுது, ஆனா அதோட உயிரை டிரைவர்கிட்ட அடகு வெச்சாச்சு. டாட் மேட்ரிக்ஸ் கிழவன் எந்த ஓ.எஸ். வந்தாலும் கரகரன்னு அடிச்சுக்கிட்டு இருக்கான், அவனுக்குப் பின்னாடி வந்த பேரனுக்கு ஒவ்வொரு ஓ.எஸ்.லயும் கண்டம். 2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட், கம்பெனிகளோட பிரின்டர் டிரைவரை விண்டோஸ் அப்டேட்ல குடுக்கறதைப் படிப்படியாக் குறைச்சு ஐ.பி.பி.ங்கற பொது வழிக்குப் போறோம்னு அறிவிச்சாங்க. போற திசை சரி. ஆனா ஐ.பி.பி. தெரியாத இந்தப் பழைய பேரன்களை நடுவழியில இறக்கி விட்டுடக் கூடாது.

"பொதுத் தரம்னு உக்காந்தா புதுசா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு ஒரு வாதம் வரும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சரிதான், ஒத்துக்கறேன். அங்க வருஷா வருஷம் சரக்கே மாறுது. ஆனா எடை மேடை ஒயர்ல என்னய்யா புதுமை வேணும்? அஞ்சாறு எண்ணு, அதுவும் நொடிக்குச் சில தடவை. வேகமா மாறற சாமானுக்கு வேற சட்டம், அசையாத சாமானுக்கு வேற சட்டம் இருக்கட்டும்.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல விண்டோஸோட கூட சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பெரும்பாலான பிள்ளைங்க அந்தப் பக்கமே போகலைங்கறது வேற கதை. அந்த விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியோட முடிஞ்சுது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11க்கு அந்த மெஷினுக்குத் தகுதியே இல்ல. ஆனா அதோட டிரைவர்கள் கெர்னலுக்குள்ள இருக்கற வரைக்கும் இன்னிக்கும் ஒரு புது லினக்ஸைப் போட்டுப் பிள்ளைங்களைத் தமிழ் தட்டச்சுப் பழக விடலாம். அரசு காசுல, அதாவது நம்ம காசுல, வாங்கின சாமானோட ஆயுசை யாரோ எங்கயோ உக்காந்து ஒரு டிரைவரை நீக்கறதை வெச்சு முடிவு பண்றாங்க.

இந்திய அரசு 2010 நவம்பர்லயே மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள்னு ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. அந்தப் புத்தி கருவி வாங்கற டெண்டருக்கும் வரணும்ங்கறதுதான் என் ஆசை. பள்ளிக்கூடத்துக்கோ பஞ்சாயத்து ஆபீசுக்கோ ஒரு பிரின்டர் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி: பொது டிரைவர்ல ஓடுமா? இல்லைன்னா உன் டிரைவரோட மூலக் கோடு எங்க? விலையும் வேகமும் அப்புறம் பார்த்துக்கலாம்.

கெர்னல் பக்கம் வேலை பார்க்கற நண்பர்கள் மூணாவது பாயின்டுல என்னோட சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க. மத்தவங்க உங்க ஊர்ல எந்தப் பழைய கருவி இன்னும் ஓடுது, எது நல்லா இருந்தும் டிரைவர் இல்லாம மூலையில கிடக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க. பட்டியல் ஒண்ணு தேறுச்சுன்னா, அதுல எதுக்கெல்லாம் லினக்ஸ்ல வழி இருக்குன்னு அடுத்த பதிவுல பார்த்துடலாம்.

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு நெடுஞ்சாலைத் துறையைத் திட்டற பதிவுன்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கவும். அது தனியா ஒரு தொடரே எழுத வேண்டிய சமாச்சாரம் :-)